முதியோர் பராமரிப்பில் பண்பாடறிந்த ரோபோ: கேரசஸ் பன்னாட்டுப் பல்கலைக்கழகக் கூட்டாய்வு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரசஸ் என்பது என்ன?

முதியவர்களுடன் பேசிப் பழகும் ஒரு ரோபோ, அவர்கள் வளர்ந்த பண்பாட்டை அறிந்து அதற்கேற்ப நடந்துகொள்ளும்படி செய்ய முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, 2017 ஜனவரியில் தொடங்கி 2020இன் தொடக்கம் வரை நடந்த ஆய்வுத் திட்டம் இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் 2020 ஆய்வு நிதியும், ஜப்பானின் உள்விவகார, தகவல்தொடர்பு அமைச்சகத்தின் நிதியும் இதற்குச் சேர்ந்து கிடைத்தன. ஐரோப்பியப் பங்கு மட்டும் 20 லட்சம் யூரோவுக்குச் சற்று மேல். பண்பாடறிந்த ரோபோக்கள், சுற்றுப்புற உணரிகள், முதியோர் ஆதரவு ஆகிய சொற்களைக் கொண்ட நீண்ட ஆங்கிலப் பெயரின் எழுத்துச் சுருக்கமே கேரசஸ். அந்தச் சொல்லுக்கே ஆங்கிலத்தில் அன்பாக வருடுதல் என்று பொருள் உண்டு. இப்படிப் பொருள் வரும்படி பெயரைச் சுருக்குவதில் ஐரோப்பிய ஆய்வுத் திட்டங்களுக்கு இருக்கும் ஆசை தனிக்கதை.

எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் பங்கேற்றன?

இத்தாலியின் ஜெனோவா பல்கலைக்கழகம் ஐரோப்பியத் தரப்பை ஒருங்கிணைத்தது. அங்கு ரோபோவியல் பேராசிரியரான அந்தோனியோ ஸ்கோர்பிஸ்ஸா பொறுப்பேற்றிருந்தார். சுவீடனின் ஓரெப்ரு பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் மிடில்செக்ஸ், பெட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகங்கள் ஆகியவை உடன் இருந்தன. ஜப்பான் தரப்பில் இஷிகாவா மாகாணத்தின் நோமி நகரிலுள்ள ஜப்பான் உயர்நிலை அறிவியல், தொழில்நுட்பக் கழகம் தலைமை வகித்தது. நாக் யங் சோங் அங்கிருந்து ஒருங்கிணைக்க, நகோயா, சூபு ஆகிய பல்கலைக்கழகங்களும் இணைந்தன. பெப்பர் என்ற ரோபோவைத் தயாரித்த சாஃப்ட்பேங்க் ரோபோட்டிக்ஸின் ஐரோப்பியப் பிரிவும், இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு இல்லங்களை நடத்தும் அட்வினியா நிறுவனமும் கல்விப்புலத்துக்கு வெளியிலிருந்து வந்த பங்காளிகள்.

வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டார்கள்?

பண்பாடு பற்றிய தகவல்களைக் கணினி கையாளக்கூடிய அறிவுக் களஞ்சியமாக மாற்றுவதும், உரையாடலை நடத்துவதும் ஜெனோவாவின் முக்கியப் பணிகள். அடுத்து எதை, எந்த வரிசையில் செய்வது என்று ரோபோ திட்டமிடும் பகுதியை ஓரெப்ரு கவனித்தது. மனிதருடன் ரோபோ நெருங்கிப் பழகும் முறையையும், கட்டிலும் விளக்கும் குளிர்பெட்டியும் வலைப்பின்னலில் இணைந்த சோதனை வீட்டையும் நோமியிலிருந்த குழு அளித்தது. இந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு, முந்தைய ஓர் ஐரோப்பியத் திட்டத்தில் உருவான யுனிவர்சால் என்ற திறந்த மென்பொருள் தளத்தைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் கேரசஸைத் தனித்துக் காட்டியது இந்தப் பொறியியல் பிரிவினை அன்று. ரோபோ எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, எதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வழிகாட்டுதல்களை எழுதியவர்கள் செவிலியர் துறையினர். மிடில்செக்ஸின் இரெனா பாபாடோபுலோஸ், பல பண்பாட்டு நோயாளிகளைப் பராமரிக்கும் முறை குறித்துப் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். பண்பாட்டு விழிப்பு, பண்பாட்டு அறிவு, பண்பாட்டு நுண்ணுணர்வு, பண்பாட்டுத் திறன் என நான்கு படிகள் கொண்ட ஒரு மாதிரியைச் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து உருவாக்கியவர். மனிதச் செவிலியருக்காக எழுதப்பட்ட அந்த மாதிரியே ரோபோவின் நடத்தைக்கு அடிப்படையாக அமைந்தது. இயந்திரத்தைச் செய்து முடித்த பின், இது நோயாளிக்குப் பிடிக்குமா என்று செவிலியரைக் கூப்பிட்டுக் கேட்பதே மருத்துவத் தொழில்நுட்ப ஆய்வுகளில் பெரும்பாலும் காணும் வழக்கம். இங்கே அந்த வரிசை தலைகீழானது. இந்தத் திட்டத்திலிருந்து பிறர் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி அதுவே என்பது என் கருத்து.

ஒரே பல்கலைக்கழகம் இதைச் செய்திருக்க முடியாதா?

ரோபோவைப் பேச வைத்திருக்கலாம். ஆனால் ஒரு பண்பாட்டுக்குள் மட்டும் இருந்துகொண்டு பண்பாட்டைச் சோதிப்பது எளிதன்று, ஏனென்றால் தம் வழக்கம் ஒரு வழக்கம்தான் என்பதே அங்கு யாருக்கும் கண்ணில் படாது. தோளைத் தட்டிப் பேசுவதை இத்தாலியப் பொறியாளர் நட்பு என்று கொண்டால், ஜப்பானியச் சக ஆய்வாளர் அதை அத்துமீறல் என்று சொல்லக்கூடும். அந்தக் கருத்து வேறுபாடே ஆய்வுக்கான மூலப்பொருள். இதில் நடைமுறைக் காரணமும் உண்டு. 2000ஆம் ஆண்டிலேயே நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கிய ஜப்பானில், 65 வயதைக் கடந்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் மேல். இங்கிலாந்தின் பராமரிப்பு இல்லங்களிலோ, பல நாடுகளிலிருந்து வந்து குடியேறி முதுமையடைந்தவர்களும், வேறு பல நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த பராமரிப்பாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒன்று ஆள் பற்றாக்குறையின் சிக்கல், மற்றது ஒருவரையொருவர் புரிந்துகொள்வதன் சிக்கல். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இரண்டு இடங்களும் தேவைப்பட்டன.

ரோபோ பண்பாட்டை அறிந்திருக்கிறது என்பதன் பொருள் என்ன?

இதற்கு மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் எல்லா மனிதருக்கும் பொதுவான கருத்துகள் இருக்கும்: உணவு, குடும்பம், வழிபாடு, உடல்நலம், பொழுதுபோக்கு போன்றவை. அதற்கு மேல், ஒரு குறிப்பிட்ட பண்பாட்டைச் சேர்ந்தவர்களிடம் இவற்றில் எவை எந்த அளவுக்கு எதிர்பார்க்கத்தக்கவை என்ற மதிப்பீடு இருக்கும். மூன்றாவது அடுக்கில், எதிரே அமர்ந்திருக்கும் இந்த ஒரு மனிதரைப் பற்றி ரோபோ கேட்டுத் தெரிந்துகொண்டவை மட்டும் சேரும். கேரசஸ் இங்கிலாந்து, இந்தியா, ஜப்பான் ஆகிய மூன்று பண்பாடுகளுக்கான வழிகாட்டுதல்களைத் தயாரித்தது.

எடுத்துக்காட்டாக ஒரு மாலை நேரத் தேநீரை வைத்துக்கொள்வோம். ஜப்பானிய மூதாட்டி ஒருவருக்குப் பச்சைத் தேநீர் பிடித்திருக்கும் என்று ரோபோ முதலில் ஊகிக்கலாம். அதைத் தீர்ப்பாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்கும். அவர் தமக்குக் காப்பிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டால், பொது மதிப்பீட்டை அப்படியே விட்டுவிட்டு, இவருக்கான அடுக்கில் காப்பி என்று பதிந்துகொள்ளும். மறுமுறை தேநீர்ப் பேச்சை எடுக்காது. நிகழ்தகவுக் கணக்கில் முன்னூகத்தைப் புதிய சான்று வந்தவுடன் திருத்திக்கொள்ளும் பேயிசிய முறை இதன் பின்னால் இயங்குகிறது. நம் வீட்டுக்கு முதன்முறை வந்த விருந்தாளியிடம் நாம் செய்வதும் ஏறக்குறைய இதுதான், கணக்குப் போடுவதில்லை என்பதைத் தவிர.

வணக்கம் சொல்லும் முறை, எவ்வளவு நெருங்கி நிற்பது, எந்தப் பேச்சை எப்போது எடுப்பது ஆகியவற்றுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

பிறந்த நாட்டை வைத்து ஒருவருக்கு முத்திரை குத்துவதாக இது ஆகாதா?

ஆகும் அபாயம் உண்டு. அதை ஆய்வாளர்களே முதலில் எழுப்பினார்கள். அவர்களுடைய தொடக்க கால எழுத்துகளில், இருபது வயதில் சைப்ரசிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து இப்போது 75 வயதாகும் ஒரு கிரேக்கப் பெண்மணியைக் கற்பனை மாந்தராக வைத்து உரையாடல்களை எழுதிப் பார்த்தார்கள். அந்தத் தேர்வில் ஒரு கூர்மை இருக்கிறது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் இங்கிலாந்தில் வாழ்ந்தவர் கிரேக்கரா, ஆங்கிலேயரா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் இல்லை. அவரிடமே கேட்க வேண்டும், அதுவும் ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்திவிட முடியாது.

இந்திய வழிகாட்டுதல் என்ற சொல்லைப் படிக்கும்போது நமக்கு இந்த நெருடல் கூடுதலாகவே தோன்றும். லெஸ்டர் நகரத்துக் குஜராத்தி மூதாட்டிக்கும் லண்டனில் வாழும் தமிழ் மூதாட்டிக்கும் ஒரே பட்டியல் எப்படிப் பொருந்தும்? தமிழுக்குள்ளேயே பாருங்கள்: ஆச்சி என்று அழைத்தால் நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் அது பாட்டியைக் குறிக்கும், காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளில் வயது பாராமல் பெண்களை மதிப்போடு அழைக்கும் சொல் அது. வேறோர் ஊரில் அறுபது வயதுப் பெண்மணியை அப்படி அழைத்தால், என்னைக் கிழவி ஆக்கிவிட்டாயா என்று கேட்கவும் கூடும். எனவே இரண்டாவது அடுக்கில் எவ்வளவு தகவலைக் குவித்தாலும், மூன்றாவது அடுக்கு வேலை செய்யவில்லையென்றால் அது முத்திரையாகத்தான் முடியும். கேரசஸின் வடிவமைப்பு இதை ஒப்புக்கொள்கிறது. குறுகிய சோதனைக் காலத்தில் மூன்றாவது அடுக்கு எவ்வளவு வளர முடியும் என்பது வேறு விஷயம்.

பெப்பர் ரோபோ என்னென்ன செய்தது? முதியவர்களைத் தூக்கி உட்கார வைக்குமா?

தூக்காது. பெப்பர் சுமார் 120 சென்டிமீட்டர் உயரமுள்ள, மார்பில் தொடுதிரை பொருத்திய, சக்கரத்தில் நகரும் ரோபோ, 2014இல் அறிமுகமானது. அதன் கைகள் சைகைக்காக அமைந்தவை, பளு தூக்குவதற்காக அல்ல. கேரசஸ் சோதனையில் அதன் வேலை பேசுவது, நினைவூட்டுவது, பாட்டும் காணொளியும் காட்டுவது, முதியவர் விரும்பும் தலைப்பில் உரையாடலைத் தொடர்வது ஆகியவை.

சோதனை எப்படி நடந்தது? முடிவு என்ன?

இங்கிலாந்திலும் ஜப்பானிலும் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்களில், குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து நடத்தினார்கள். முதல் குழுவுக்குப் பண்பாட்டுத் திறன் முழுமையாக இயங்கும் பெப்பர் கிடைத்தது. இரண்டாம் குழுவுக்கு அதே ரோபோ, ஆனால் அந்தத் திறன் குறைக்கப்பட்ட மென்பொருளுடன். மூன்றாம் குழுவுக்கு ரோபோ இல்லை, வழக்கமான பராமரிப்பு மட்டும். ரோபோ பெற்றவர்கள் இரண்டு வாரங்களில் 18 மணி நேரம் வரை அதனுடன் இருந்தார்கள். உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் 36 கேள்விகள் கொண்ட படிவத்தையும், தனிமையுணர்வை அளக்கும் 8 கேள்விகள் கொண்ட படிவத்தையும் பயன்படுத்தினார்கள். எல்லாக் கட்டங்களையும் முடித்தவர்கள் 33 பேர். முடிவுகள் 2021இல் சமூக ரோபோவியலுக்கான பன்னாட்டு ஆய்விதழில் வெளிவந்தன.

மனநலன் சார்ந்த மதிப்பெண்ணில், பண்பாடறிந்த ரோபோவுடன் இருந்தவர்கள் வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிடப் புள்ளியியல் அளவில் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் காட்டினார்கள். உடல்நல மதிப்பெண்களில் அத்தகைய மாற்றம் இல்லை. தனிமையுணர்வு ரோபோ பெற்றவர்களிடம் சற்றே குறைந்தது. ஆனால் அந்த வேறுபாடு, தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாத அளவுக்குச் சிறியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆய்வு குறித்து 2020இல் வந்த செய்தித் தலைப்புகள், முதியோர் இல்லங்களில் ரோபோக்கள் தனிமையைக் குறைக்கின்றன என்ற போக்கில் அமைந்தன. ஆய்வுக் கட்டுரை அவ்வளவு தூரம் போகவில்லை, பண்பாடறிந்த ரோபோக்களின் பயனை எச்சரிக்கையோடு ஆதரிக்கும் சான்று என்ற அளவிலேயே நின்றது.

அந்த முன்னேற்றத்துக்குப் பண்பாட்டுத் திறன்தான் காரணமா?

அப்படி உறுதியாகச் சொல்வதற்கு இந்தச் சோதனை போதாது. ரோபோ பெற்ற இரண்டு குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்து வழக்கமான பராமரிப்போடு ஒப்பிட்டபோதும் மனநலன் மதிப்பெண்ணில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரிந்தது. அப்படியென்றால் ரோபோ என்ற புதுமை, அதைக் கொண்டுவந்து வைத்த ஆய்வாளர்களின் வருகை, பேச ஒரு காரணம் கிடைத்தது என எல்லாமும் அந்த முன்னேற்றத்தில் பங்கு வகித்திருக்கலாம். 33 பேரை மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவுக்குச் சராசரியாகப் பதினொரு பேர்தான் வருவார்கள். இரண்டு வாரம் என்பது புதுமை தீர்வதற்குக்கூடப் போதாத காலம். அறிவாற்றல் குறைபாடு முற்றியவர்கள் பங்கேற்கவும் இல்லை, ஆனால் பராமரிப்பு இல்லங்களில் வாழ்பவர்களில் மறதிநோய் உள்ளவர்கள் பெரும் பகுதியினர். இவற்றையெல்லாம் குறை என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. பராமரிப்பு ரோபோக்கள் பற்றிய எழுத்துகளில் ஆய்வகத்து விளக்கக் காட்சிகளே மலிந்திருந்த காலத்தில், உண்மையான இல்லங்களில், ஒப்பீட்டுக் குழுக்களுடன், இரண்டு நாடுகளில் சோதனை நடத்தியதே பெரிய வேலை.

ஒப்புதலும் தனியுரிமையும் எப்படிக் கையாளப்பட வேண்டியிருந்தன?

உணரிகளும் ஒலிவாங்கியும் கேமராவும் உள்ள ஒன்றை ஒருவர் படுக்கையறைக்குள் கொண்டுவைக்கும் ஆய்வு இது என்பதால், சட்டத்தின் பங்கு சிறிதன்று. திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, 2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை நடைமுறைக்கு வந்தது. இனம், மத நம்பிக்கை, உடல்நலம் பற்றிய தகவல்களை அது தனிப் பாதுகாப்பு தேவைப்படும் வகையாகக் கருதுகிறது. பண்பாடறிந்த ரோபோ ஒன்று இயல்பாகவே கேட்டுச் சேர்க்கும் தகவல்களும் இவையே என்பதைக் கவனிக்க வேண்டும். ஜப்பானுக்கோ தனக்கென்று ஒரு தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. இரு தரப்பும் ஒருவர் சட்டத்தை மற்றவர் போதுமான பாதுகாப்பாக ஏற்றுக்கொண்டது 2019 ஜனவரி 23 அன்றுதான், அதாவது திட்டத்தின் மூன்றாம் ஆண்டில்.

ஒப்புதல் விஷயத்தில், இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், மாறாக நிறுவப்படும் வரை ஒவ்வொரு வயதுவந்தவரும் தமக்கான முடிவை எடுக்கும் திறன் உள்ளவரே என்று கொள்கிறது. மகனோ மகளோ கையெழுத்திட்டால் போதும் என்ற நம் ஊர்ப் பழக்கம் அங்கே செல்லாது. படிவத்தை ஒருமுறை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுவதும் போதாது, ஒவ்வொரு முறையும் இன்று இது உங்கள் அறைக்கு வரலாமா என்று கேட்கும் பழக்கமே முதியவருக்குக் கண்ணியமானது.

பராமரிப்பாளர்களின் வேலையை இது பறித்துவிடாதா?

குளிப்பாட்டவும் உடை மாற்றவும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் முடியாத ஒன்று யாருடைய வேலையையும் பறிக்கப் போவதில்லை. உண்மையான அச்சம் வேறு: ரோபோ பேசிக்கொண்டிருக்கிறதே என்ற சாக்கில், பராமரிப்பாளர் முதியவருடன் உட்கார்ந்து பேசும் பத்து நிமிடத்தை நிர்வாகம் பணிப்பட்டியலிலிருந்து நீக்கிவிடுமோ என்பது. அதைத் தடுக்கும் வழி மென்பொருளில் இல்லை, பணியமர்த்தும் விதிகளில்தான் இருக்கிறது.

இந்த ரோபோ தமிழ் பேசுமா?

கேரசஸ் சோதனையில் பெப்பர் இங்கிலாந்தில் ஆங்கிலமும் ஜப்பானில் ஜப்பானியமும் பேசியது. இந்தியப் பண்பாட்டு வழிகாட்டுதல் இருந்ததே தவிர, இந்திய மொழி எதுவும் சோதனையில் இல்லை.

இதைச் சிறிய இடைவெளியாக நான் கருதவில்லை. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து பிரித்தானியாவுக்குப் போய்ச் சேர்ந்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. வயது ஏறி மறதி கூடும்போது, பின்னாளில் கற்ற மொழி முதலில் நழுவித் தாய்மொழி மட்டும் எஞ்சும் நிலையைப் பராமரிப்பாளர்கள் பலர் காண்கிறார்கள். அப்படிப்பட்டவரிடம் ஆங்கிலத்தில் கைகூப்பும் ரோபோவால் பயன் சிறிதே. தமிழில் பேச வைப்பதென்றாலும் மொழிபெயர்த்துவிட்டால் முடிந்துவிடாது. எழுத்துத் தமிழில் "தாங்கள் உணவு அருந்தினீர்களா" என்று கேட்கும் ரோபோவிடம் எந்தப் பாட்டியும் மனம்விட்டுப் பேச மாட்டார். பேச்சுத் தமிழ் வேண்டும். அதிலும் யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று. பல் விழுந்த வாயிலிருந்து மெல்லிய குரலில் வரும் வட்டார வழக்கைக் கணினி சரியாகக் கேட்டுப் புரிந்துகொள்ள, அத்தகைய குரல்களின் பதிவுகளே முதலில் தேவை. அவற்றை ஒப்புதலோடு சேகரிக்கும் பணியைத் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள பல்கலைக்கழகம்தான் இயல்பாகச் செய்ய முடியும்.

பெப்பர் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டதே, ஆய்வு வீண்தானா?

பெப்பரின் உற்பத்தி 2020இல் நிறுத்தி வைக்கப்பட்டது உண்மை. வணிக நிறுவனத்தின் ஒரே கருவியை நம்பி மூன்றாண்டு ஆய்வைக் கட்டுவதில் உள்ள ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஆனால் அறிவுக் களஞ்சியமும் உரையாடல் முறையும் ரோபோவின் உடலோடு கட்டப்பட்டவை அல்ல. ஜெனோவா குழு அந்தப் பகுதியைப் பிற ரோபோக்களும் கருவிகளும் இணைந்துகொள்ளக்கூடிய மேகக்கணினிச் சேவையாகத் தொடர்ந்து வளர்த்தது. செவிலியர் கல்வித் தரப்பிலும் ஒரு தொடர்ச்சி ஏற்பட்டது: செவிலியருக்குப் பண்பாட்டுத் திறன் பயிற்றும் ஐஈஎன்ஈ என்ற ஐரோப்பியத் திட்ட வரிசையின் பத்தாவது திட்டம், ஐரோப்பிய ஒன்றியம் கல்விக்கு வழங்கும் எராஸ்மஸ் பிளஸ் நிதியுடன், செயற்கை நுண்ணறிவு ரோபோக்களோடு பணியாற்றச் சுகாதார, சமூகப் பணியாளர்களைத் தயார்ப்படுத்துவதை எடுத்துக்கொண்டது.

இத்தகைய கூட்டாய்வில் சேர விரும்பும் பல்கலைக்கழகம் முதலில் எவற்றைக் கேட்டுத் தெளிய வேண்டும்?

தரவு எந்த நாட்டின் கணினியில் தங்கும், திட்டம் முடிந்த பின் யாரிடம் இருக்கும் என்பது முதல் கேள்வி. பன்னாட்டுத் திட்டங்களில் நம் தரப்புக்கு வரும் வேலை பெரும்பாலும் ஆட்களைச் சேர்த்துப் படிவம் நிரப்புவதாக இருக்கும். வடிவமைப்புக் கூட்டத்தில் நமக்கு இடம் உண்டா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். செவிலியரோ சமூகப் பணியாளரோ திட்டத்தின் முதல் மாதத்திலிருந்து ஊதியத்தோடு இருக்கிறாரா, கடைசி ஆண்டில் ஆலோசகராக வருகிறாரா என்று வரவுசெலவுத் திட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அரசியல் மாற்றங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்: கேரசஸ் முடிந்த அதே 2020 ஜனவரியின் கடைசி நாளில் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியது, ஹொரைசன் ஐரோப்பா என்ற அடுத்த ஆய்வு நிதித் திட்டத்தில் அது மீண்டும் இணை உறுப்பினராவதற்கு 2024 ஜனவரி வரை ஆயிற்று.

எல்லோரும் விட்டுவிடும் இன்னொரு கேள்வியும் உண்டு. சோதனை முடிந்ததும் ரோபோவைத் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும். தம் பெயரைச் சொல்லிக் காலையில் நலம் கேட்ட ஒன்று திடீரென்று அறையில் இல்லாமல் போகும் நாளில், அந்த முதியவரிடம் யார் போய் உட்காருவது, என்ன சொல்வது என்பதை, நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முதல் ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.